கடல் கடந்த படிப்புக்கு எந்தப் பணம்? ஒரு தாய்மாமன் போட்ட கணக்கு

மேலூரில் தங்கை வீட்டுத் திண்ணையில் மூன்று தாள்களை விரித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், இதில் எது மலிவு?"

ஒன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதம். அடுத்தது அமெரிக்காவில் இருந்து வந்தது. மூன்றாவது வெறும் ரசீது. ஜெர்மனிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, முடிவு வரவில்லை. தங்கை மகள், அதாவது என் மருமகள், மதுரையில் மின்னணுவியல் பொறியியல் முடித்து, இலந்தைகுளம் ஐ.டி. பூங்காவில் ஓராண்டு வேலை பார்த்தவள். மாதம் 24,000 ரூபாய் சம்பளம். மேலே படிக்க வேண்டும் என்கிறாள். நான் பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறவில் யார் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தாலும் எனக்குத் தொலைபேசி வந்துவிடும். இது சொந்தத் தங்கை வீடு, நேரிலேயே போனேன்.

"மலிவு இருக்கட்டும் மாப்பிள்ளை. பிள்ளை படித்து முடித்து, அங்கே வேலை அமையாமல் ஊர் திரும்பினால், மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்து தங்கைதான் சொன்னாள்: "நல்ல காரியம் பேசும்போது வேறு பேச்சே கிடைக்கவில்லையா அண்ணே?"

அவள் கோபம் நியாயம்தான். ஆனால் என் மேசைக்கு வந்த வாராக் கல்விக் கடன்களில் ஊதாரிப் பிள்ளைகள் வாங்கியவை அபூர்வம். படித்தார்கள், தேறினார்கள், நல்ல மதிப்பெண்ணும் எடுத்தார்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டில் விசா விதி மாறியது, அல்லது ஆள் எடுப்பது நின்றது. கடன் மட்டும் வாங்கிய நாளில் போட்ட வட்டியோடு அப்படியே இருந்தது. ஆகவே மூன்று நாட்டையும், பணம் கிடைக்கும் வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன். மேலூருக்குத் திரும்பி வந்தால் இந்தக் கடனைக் கட்ட முடியுமா?

முதலில் மூன்று தாள்களும் சொல்லும் தொகை.

இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. கட்டணம் 20,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே என்பதால் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவு, அதாவது 10,539 பவுண்டு, கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அந்நாட்டு மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு ஏறக்குறைய 16 மாத விசா என்பதால் 1,164 பவுண்டு ஆகிறது. அதையும் விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 38 லட்சம்.

அமெரிக்கத் தாளில் ஆண்டுக்கு 40,000 டாலர் என்று இருந்தது. டாலர் 90 ரூபாய் என்றால் 36 லட்சம். "பார்த்தீர்களா, இங்கிலாந்தைவிட 2 லட்சம் குறைவு" என்றார் மாப்பிள்ளை. இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்கிறது. படிப்போ இரண்டு ஆண்டு. உண்மைத் தொகை 72 லட்சம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணம் மட்டும். ஆனால் விசாவுக்கு 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நம் பணமே நமக்கு வரும். யூரோ 105 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12.5 லட்சம், இரண்டு ஆண்டுக்கு 25. விமானம், சான்றிதழ்ச் சரிபார்ப்பு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 27 லட்சம் என்று எழுதினேன்.

இதற்குள்ளும் கண்ணிகள் உண்டு. ஸ்டட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்தில் இருந்து பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அந்நகரின் வாடகை வேறு 992 யூரோவைப் பார்த்துச் சிரிக்கும். நம் ஊர்ச் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அமைப்பிடம் கொடுத்துச் சரிபார்க்க 18,000 ரூபாய் ஆகும். அந்தத் தாள் இல்லாமல் விசா இல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று பலகை வைத்து உள்ளே கூப்பிட்டு, ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடும் ஆலோசனை அலுவலகங்கள். மதுரையில் ஒன்றில் நானும் மருமகளும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அரசுப் பல்கலைக்கழகம் என்ற சொல்லை அந்த ஆலோசகர் ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை. தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் மருமகள் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டாள். படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்குக் கனடா 22,895 கனடிய டாலரும் ஆஸ்திரேலியா 29,710 ஆஸ்திரேலிய டாலரும் காட்டச் சொல்கின்றன. ஆஸ்திரேலிய மாணவர் விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2,000 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. அதைக் கேட்டதும் மாப்பிள்ளையும் ஒதுக்கிவிட்டார்.

இனி அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். நாட்டைவிட இதைத் தேர்வு செய்வதில்தான் குடும்பங்கள் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

"மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது மச்சான். பெரியாறு கால்வாய்ப் பாசனம். அதை வைத்தால் கோடி ரூபாய்கூடத் தருவார்கள்" என்றார் மாப்பிள்ளை. தரமாட்டார்கள். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், கடன் கட்டாதவரின் பிணைச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. விவசாயியைக் காக்க வைத்த விலக்கு அது. விளைவு, கல்விக் கடன் என்று வரும்போது நஞ்சையைப் பிணையாக ஏற்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்குகின்றன. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்த எத்தனையோ தகப்பன்மார்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தன் நிலத்துக்கு மதிப்பே இல்லையா என்று அவர்கள் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

அவர்கள் குடியிருக்கும் வீடு நத்தம் நிலத்தில் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்ததோடு சரி. பெரியப்பா, சித்தப்பா, அத்தை மக்கள் என்று எல்லாருடைய கையெழுத்தையும் வாங்கி முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பட்டமளிப்பு விழாவே முடிந்துவிடும்.

மிஞ்சியது ஒத்தக்கடைப் பக்கம் தங்கை பெயரில் இருக்கும் 5 சென்ட் மனை. அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. அப்போது யானைமலையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. 'பொட்டல் காட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தார்கள். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை அந்தப் பக்கம் வந்த பிறகு முணுமுணுப்பு அடங்கியது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் பெற்ற மனை. வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படியும் 40 லட்சம் தேறும் என்று கணித்தேன்.

பொதுத்துறை வங்கிக் கடனின் இயல்பை ஓரளவு விரிவாகவே சொல்ல வேண்டும். பிணை கொடுத்தால் வட்டி குறைகிறது. எங்கள் கணக்குக்கு 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். மாணவி என்றால் பல வங்கிகள் அரை சதவீதம் தள்ளுகின்றன. படிப்புக் காலத்தில் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை தவணை தொடங்காது. 15 ஆண்டு வரை கட்டலாம். வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதத்தை நாம் போட வேண்டும். அதை ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள், பணம் விடுவிக்கும்போதெல்லாம் விகிதப்படி போட்டால் போதும். கிடைக்கும் உதவித்தொகையையும் அந்த 15 சதவீதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டாண்டுக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டுப் பணத்தைத் தேவைப்பட்டால் மட்டும் எடுக்கலாம்.

குறை, வேகம் இல்லை. சட்டக் கருத்துக்கு வழக்கறிஞர், மதிப்பீட்டுக்குப் பொறியாளர், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் என்று இழுக்கும். இணை விண்ணப்பதாரருக்கு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். மாப்பிள்ளை விவசாயி, வரிக் கணக்கே தாக்கல் செய்ததில்லை. "நீங்கள் போடக் கூடாதா மச்சான்?" என்றார். ஓய்வூதியக்காரன் கையெழுத்தை வங்கி பெரிதாக மதிக்காது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? கடைசியில் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர்கள் மூத்த மகனை இணை விண்ணப்பதாரராக முடிவு செய்தோம்.

பிணையே இல்லாமல் அரசு வங்கியில் கிடைக்காதா என்றால், கல்விக் கடனுக்கான அரசின் உத்தரவாத நிதித் திட்டத்தின்படி 7.5 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது உண்மை. வெளிநாட்டுக்கு அது விமானத்துக்கும் முதல் தவணைக் கட்டணத்துக்கும் காணும். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைச் சொல்லியும் பலர் கேட்கிறார்கள். அது இந்தியாவுக்குள் இருக்கும் குறிப்பிட்ட உயர்தர நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்கு ஒரு ரூபாயும் இல்லை.

அடுத்து தனியார் நிதி நிறுவனங்கள். பத்து நாளில் அனுமதிக் கடிதம் தருகிறார்கள், மனை கேட்பதில்லை, வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மரியாதையில் மயங்கிவிடக் கூடாது. எங்களுக்குச் சொன்ன வட்டி 12.5 சதவீதம். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், படிக்கும்போதே வட்டியில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. 30 லட்சம் கடனைப் 10 ஆண்டில் கட்டுவதாக வைத்தால் 9.5 சதவீதத்துக்கு மாதம் 38,800 ரூபாய், 12.5 சதவீதத்துக்கு 43,900. பத்து ஆண்டில் 6 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பிணை வைக்க எதுவுமே இல்லாத வீட்டுக்கு இது ஒன்றுதான் வழி என்றால் குறை சொல்லமாட்டேன். மனை இருந்தும் அலையச் சோம்பி இதை வாங்குவது ஆறு லட்ச ரூபாய் சோம்பல்.

டாலரிலேயே கடன் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. அப்பா கையெழுத்தும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். பிள்ளை சேரும் பல்கலைக்கழகத்தையும் வருங்காலச் சம்பளத்தையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். பெற்றோரை இழுக்காமல் தானே சுமக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஈர்ப்பு அதிகம். மருமகளும் முதலில் இதைத்தான் காட்டினாள். என் கேள்வியை இதன் மேல் வைத்துப் பார்த்தால் தாங்கவில்லை. அங்கேயே டாலரில் சம்பாதித்தால் டாலர் கடன் பாதகம் இல்லை. ஊர் திரும்பி ரூபாயில் சம்பளம் வாங்கினால்? 2014இல் டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. கட்ட வேண்டிய டாலர் மாறாமலே, ரூபாயில் சுமை ஒன்றரை மடங்கு. ரூபாய்க் கடன் இதற்கு நேர் எதிர்: ரூபாய் சரியச் சரிய, அங்கே சம்பாதிப்பவருக்குக் கடன் இளைக்கிறது, இங்கே திரும்பியவருக்குக் கூடவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தால் ரூபாய்க் கடனே நமக்குச் சாதகம்.

நகை. தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கிய நகை எந்த வீட்டிலும் முதலில் நினைவுக்கு வரும் பணம். வங்கியில் வைத்தால் அன்றைக்கே கிடைக்கும், வட்டியும் சுமார்தான். ஆனால் பெரும்பாலான நகைக் கடன்கள் ஓராண்டுக் கடன்கள். படிப்போ இரண்டு ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். ஒரு முறை தவறினால் ஏல அறிவிப்பு வீட்டுக்கு வரும். நீண்ட காலச் செலவுக்குக் குறுகிய காலக் கடன் வாங்குவதைப் போன்ற தவறு வேறு இல்லை. கடன் அனுமதி வருவதற்குள் கட்ட வேண்டிய முன்பணம், விசாக் கட்டணம் போன்ற இரண்டு மூன்று லட்சத்துக்கு வைத்து, பெரிய கடன் வந்ததும் மீட்டுவிடுவதானால் சரி. சீட்டு எடுப்பதையும் அதே கணக்கில்தான் வைப்பேன். கந்து வட்டியைப் பற்றி எழுத மையைச் செலவழிக்கப்போவதில்லை.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். 'கையில் பணம் இல்லையா, நாங்கள் உங்கள் கணக்கில் போட்டு வைக்கிறோம், 28 நாளுக்கு இவ்வளவு கமிஷன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன தேநீர் அலுவலகத்திலும் ஜாடையாகச் சொன்னார்கள். ஏமாற்றியதாக அந்நாட்டு அதிகாரி முடிவு செய்தால் பத்து ஆண்டு அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. கமிஷன் வாங்கியவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது; பிள்ளை பெயர்தான் இருக்கும். முறையான வங்கிக் கடன் அனுமதிக் கடிதமே அங்கே ஏற்கப்படும்போது இந்த வேடம் எதற்கு?

கடன் அல்லாத பணமும் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை 36 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். ஆதிதிராவிடர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தகுதி உள்ள வீட்டில் இந்தக் கட்டுரையின் மற்றப் பத்திகளைப் படிப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும். சிறுபான்மையினருக்கான 'படோ பர்தேஷ்' வட்டி மானியம் 2022இல் நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எல்லாருக்கும் பொதுவானவற்றில் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் மாதம் 1,400 யூரோ கொடுத்துக் கட்டணத்தையும் ஏற்கிறது. இங்கிலாந்தின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கிறது, மருமகளுக்கு ஓராண்டு குறைவு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே தயாராக வேண்டும். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குச் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியோடு மாத உதவித்தொகையும் உண்டு. முதுகலைக்கு அது அபூர்வம். இங்கிலாந்துக் கடிதத்தில் '3,000 பவுண்டு ஸ்காலர்ஷிப்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது போகத்தான் 20,000. விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பகுதிநேர வேலையை நான் வரவில் எழுதவே இல்லை. இங்கிலாந்தில் வாரம் 20 மணி நேரம், ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள், அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும் 20 மணி நேரம் என்று அனுமதி இருக்கிறது. கிடைத்தால் வாடகைக்கு உதவும். கிடைக்கும் என்று நம்பிக் கடனைக் குறைத்து வாங்கினால், முதல் குளிர்காலத்திலேயே ஊரில் இருந்து பணம் கேட்டுத் தொலைபேசி வரும்.

வரி பற்றி இரண்டு வரி. 2025 ஏப்ரல் முதல் ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் முன்கூட்டிப் பிடிக்கும் வரி இல்லை. வங்கிக் கல்விக் கடனில் இருந்து போகும் பணத்துக்கு எவ்வளவானாலும் இல்லை. கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். விவசாய வருமானம் மட்டுமே உள்ள மாப்பிள்ளைக்கு அதனால் ஒரு காசு பயன் இல்லை.

இப்போது திண்ணைக் கேள்விக்கு வருகிறேன். 15 சதவீதத்தை வீட்டுப் பணத்தில் போட்டு, மீதியைக் கடனாக வாங்கினால் மாதத் தவணை என்ன?

ஜெர்மனிக்கு 23 லட்சம் கடன், 9.5 சதவீதம், 15 ஆண்டு. மாதம் 24,000 ரூபாய். இங்கிலாந்துக்கு 32 லட்சத்துச் சொச்சம், மாதம் 33,700. அமெரிக்காவுக்கு 61 லட்சம் வேண்டும், மனையோ 40 லட்சத்துக்கு மேல் தாங்காது. மீதி 21 லட்சத்தை நிதி நிறுவனத்தில் 12.5 சதவீதத்துக்குப் 10 ஆண்டில் கட்டுவதாக வாங்கினால், இரண்டும் சேர்த்து 72,500.

இவை படிப்புக் கால வட்டியை உடனுக்குடன் கட்டிவிட்டால் வரும் தொகைகள். கட்டாமல் விட்டால் ஜெர்மனிக் கடன்கூடத் தவணை தொடங்கும்போது 28 லட்சத்தைத் தாண்டி, மாதம் 30,000ஐத் தொட்டுவிடும். முதலாண்டில் பாதிக் கடன் மட்டும் எடுத்தால் வட்டி மாதம் 9,100 ரூபாய்தான். அதைக் கோயம்புத்தூர்ப் பையன் கட்டுவதாக ஒப்புக்கொண்டான்.

மருமகள் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்கள் தோற்பதற்கு மட்டும் கணக்குப் போடுகிறீர்கள். ஜெயித்தால்?" என்றாள்.

சரியான கேள்வி. அமெரிக்காவில் ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளத்தில் வேலை அமைந்தால், 61 லட்சத்தை நான்கைந்து ஆண்டில் முடித்துவிடலாம். இந்த மூன்றில் வேகமான வழி அதுதான். அறிவியல், பொறியியல் படித்தவர்கள் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டு வரை அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா: ஆண்டுக்கு 85,000 இடங்கள்தான், போட்டியோ பல மடங்கு. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அங்கேயே மாணவர் விசாவில் இருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. இப்படி மாதத்துக்கு ஒரு விளக்கம் வரும் இடத்தில் 72,500 ரூபாய் தவணையை நான் பந்தயம் வைக்கமாட்டேன். வசதி உள்ள வீடு வைக்கலாம். அவர்களுக்கு அது பந்தயமே இல்லை.

இங்கிலாந்தில் படிப்புக்குப் பிந்தைய விசா இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். 2026 செப்டம்பரில் சேரும் மருமகள் 2027 இலையுதிர் காலத்தில்தான் முடிப்பாள். அவளுக்கு 18 மாதம்தான். ஜெர்மனியிலும் வேலை தேட 18 மாதம். ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டாக இழுப்பவர்களும் உண்டு. அந்த மூன்றாம் ஆண்டுக்கு இன்னொரு 12.5 லட்சம் என்பதை மலிவு என்ற சொல்லுக்குப் பின்னால் மறைக்கக் கூடாது.

அவள் தன் நோட்டில் மூன்று எண்களையும் எழுதி, பக்கத்தில் தன் பழைய சம்பளத்தை எழுதினாள். 24,000. ஜெர்மனித் தவணையும் அதேதான். திரும்பி வந்தால் பழைய வேலையைவிடக் கொஞ்சம் நல்ல வேலை, அண்ணன் கொஞ்சம், அப்பாவின் நெல் கொஞ்சம் என்று கட்டிவிடலாம். இங்கிலாந்தின் 33,700 மூச்சு முட்டும். அமெரிக்காவுக்கு மனை போய்விடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் இடத்தைப் பிடித்து வைக்க 4,000 பவுண்டு முன்பணம் கேட்கிறது. விசா மறுக்கப்பட்டால்தான் திரும்பத் தருவார்கள், மனம் மாறினால் கிடையாது. கெடு இந்த மாதக் கடைசி. ஜெர்மனி முடிவு வர இன்னும் பல வாரம் ஆகலாம். 4,80,000 ரூபாயைக் காப்பீடாக நினைத்துக் கட்டுவதா, ஜெர்மனி கிடைக்காவிட்டால் இன்னோர் ஆண்டு இலந்தைகுளத்திலேயே வேலை பார்ப்பதா?

நான் கட்ட வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை கட்டிவிடலாம் என்றார், வீட்டில் நகை இருக்கிறதாம். மருமகள், இன்னோர் ஆண்டு வேலை பார்த்தால் செவனிங் கேட்கும் இரண்டாண்டு அனுபவம் வந்துவிடும் என்றாள். அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெர்மனியோ இங்கிலாந்தோ, மனைக்கான தாள்கள் தயாராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒத்த கருத்து. தங்கை உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த பத்திரத்தைக் கொண்டு வந்தாள். அவள் பெயருக்கு அப்பா எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட். அதற்கு முந்தைய மூலப் பத்திரம் இல்லாமல் வங்கி வழக்கறிஞர் கருத்து எழுதமாட்டார். அது அப்பா காலத்துத் தகரப் பெட்டியில், மதுரையில் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நாளைக் காலை ஏணி போட்டு ஏற வேண்டும்.